மரைக்குள் புகுந்த ஆக்சிஜன்

பெட்ரோல் கார்களின் சைலன்சர் குழாயில், இன்ஜினுக்கு வெகு அருகே, ஒரு சிறு சென்சார் திருகப்பட்டிருக்கும். ஏறக்குறைய ஸ்பார்க் பிளக் அளவு. கீழ்முனையில் துளைகளிட்ட எஃகு மூடி, நடுவில் மரை, அதற்கு மேல் 22 மில்லிமீட்டர் அறுகோணம், உச்சியிலிருந்து நான்கு ஒயர்கள். புதிதாகப் பொருத்தும்போது அதைச் சுமார் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் இறுக்குவார்கள். 40 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோவைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கம் அது. எட்டுப் பத்து வருடம் கழித்துக் கழற்றப் போனால் அதே முறுக்கத்துக்கு இம்மியும் அசையாது. இரு மடங்குக்கும் அசையாது. ஸ்பேனரில் 60 சென்டிமீட்டர் குழாயைச் செருகி, 60 கிலோ எடையுள்ள ஒருவர் தன் முழு எடையையும் போட்டால் முறுக்கம் 350 நியூட்டன் மீட்டரைத் தொடும். அப்போதும் நகராத சென்சார்கள் உண்டு. இன்னும் வலுக் கூட்டினால் அதன் உள்ளீடற்ற உடல் முறிந்து, மரை மட்டும் குழாயிலேயே தங்கிவிடும்.

பொருத்தியபின் யாரும் அதை மேலும் இறுக்கவில்லை. அப்படியிருக்க இந்தக் கூடுதல் பிடி எங்கிருந்து வந்தது? அதற்கான விடை சென்சார் வேலை செய்யும் விதத்திலேயே பாதி ஒளிந்திருக்கிறது. அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் வெளியேறும். கூடினால் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைப்பது கடினம். மூன்று நச்சுகளையும் ஒருசேர ஒழிக்கும் வினையூக்கி மாற்றி, கலவை இந்த 14.7-ஐ ஒட்டியே இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா என்று நொடிக்கு நொடி பார்த்துச் சொல்ல ஒரு கருவி தேவைப்பட்டது. போஷ் நிறுவனம் அதை உருவாக்கியது. 1976-இல் அமெரிக்கச் சந்தைக்கான வோல்வோ கார்களில் அது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

அதன் உயிர் ஒரு பீங்கானில் இருக்கிறது. சிர்கோனியம் ஆக்சைடுடன் கொஞ்சம் யிட்ரியம் ஆக்சைடு கலந்து சுட்ட பீங்கான். 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது ஒரு விந்தையான வேலையைச் செய்கிறது: எலக்ட்ரான்களைத் தடுத்துவிட்டு, ஆக்சிஜன் அயனிகளை மட்டும் தன் உடல் வழியே விடுகிறது. ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் அழுத்தங்களின் விகிதத்துக்கேற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. பெட்ரோல் மிகுந்த கலவையில் சுமார் 0.9 வோல்ட், காற்று மிகுந்த கலவையில் சுமார் 0.1 வோல்ட். பீங்கான் 600 டிகிரியில் இருக்கும்போது 0.9 வோல்ட் வருகிறது என்றால், வெளிக்காற்றோடு ஒப்பிட அதன் புகைப்பக்கத்து ஆக்சிஜன் அழுத்தம் எத்தனை மடங்கு குறைவு? ஒன்றுக்குப் பின் 20 சுழியம் போட வேண்டும். கைக்கு அடக்கமான ஒரு பொருள், சைலன்சரின் அனலில் உட்கார்ந்துகொண்டு, இந்த வேறுபாட்டை ஒற்றை வோல்ட்டுக்குள் சுருக்கித் தருகிறது. மோட்டார் வாகனத்தில் இதைவிட நுட்பமான பாகம் இல்லை என்பது என் எண்ணம்.

இந்தப் பீங்கானுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1897-இல் ஜெர்மனியின் வால்தர் நெர்ன்ஸ்ட் இதே கலவையால் ஒரு விளக்கு செய்தார். வெளியிலிருந்து சூடேற்றினால்தான் மின்சாரம் அதன் வழியே பாயத் தொடங்கும், பிறகு பிரகாசமாக ஒளிரும். பாய்வது எலக்ட்ரான் இல்லையென்றால் வேறென்ன என்பதை 1943-இல் கார்ல் வாக்னர் விளக்கினார். சிர்கோனியம் இருக்க வேண்டிய இடத்தில் மின்னூட்டம் குறைந்த யிட்ரியம் அமரும்போது, ஈடுகட்டப் படிகத்தில் சில ஆக்சிஜன் இடங்கள் காலியாகிவிடுகின்றன. அந்தக் காலியிடங்களில் தாவித் தாவி ஆக்சிஜன் அயனிகள் நகர்கின்றன. நம் சென்சார் இயங்குவது இந்த நகர்வால்தான்.

நம் கதைக்கு வாக்னர் இரண்டு முறை தேவைப்படுகிறார். அந்த விளக்கத்துக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1933-இல், அவர் வேறொரு கேள்விக்கு விடை கண்டிருந்தார்: சூடான உலோகத்தின்மேல் ஆக்சைடுப் படலம் எப்படி வளர்கிறது? முதல் படலம் உண்டானதுமே உலோகமும் காற்றும் பிரிந்துவிடுகின்றன. அப்புறம் வினை தொடர வேண்டுமானால், உலோக அயனியோ ஆக்சிஜன் அயனியோ அந்தப் படலத்தையே ஊடுருவிப் பயணிக்க வேண்டும். கட்டிய சுவரின் வழியாகவே அடுத்த செங்கல்லைக் கடத்த வேண்டிய கொத்தனாரின் நிலைமை. சுவர் தடிக்கத் தடிக்க வேலை மந்தமாகும். அதனால் படலத்தின் தடிமன் நேரத்தோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, நேரத்தின் வர்க்கமூலத்தோடு ஏறுகிறது. இரு மடங்கு தடிக்க நான்கு மடங்கு காலம். பீங்கானுக்குள் ஆக்சிஜன் நகர்வதும், அதைச் சுற்றியுள்ள எஃகு மரையில் ஆக்சைடு வளர்வதும் ஒரே இயற்பியலின் இரு முகங்கள். சென்சாரின் நெஞ்சுக்குள் நடப்பது அதன் கழுத்தைச் சுற்றியும் நடக்கிறது.

வர்க்கமூல விதி நமக்குச் சாதகமானது. அது மட்டும் ஆண்டிருந்தால் மரைகள் இவ்வளவு மோசமாகப் பிடிக்காது. ஆனால் புகைக்குழாயில் தண்ணீரும் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடும் காரில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். கடைத்தெரு வரை போய்த் திரும்பும் காரில் குழாய் முழுதாகச் சூடாவதற்குள் இன்ஜின் நின்றுவிடும், ஆவி குழாய்க்குள்ளேயே குளிர்ந்து படியும். வெளியே உப்பும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். வட அமெரிக்காவில் பனிக்காலச் சாலைகளில் கொட்டும் உப்பு இதற்குப் பேர்போனது. டெட்ராய்ட் நகருக்கு அடியில் சுமார் 350 மீட்டர் ஆழத்தில் ஓர் உப்புச் சுரங்கமே இருக்கிறது, அங்கே வெட்டுவது பெரும்பாலும் சாலைக்குத்தான் போகிறது. நம் கடற்கரை ஊர்களில் அந்த வேலையை உப்புக்காற்று செய்கிறது. உப்பிலுள்ள குளோரைடு, பாதுகாப்புப் படலத்தை ஆங்காங்கே உடைத்துப் புது உலோகத்தைத் திறந்துவிடுகிறது. மேலே சொன்ன சுவர் அடிக்கடி இடிகிறது என்று பொருள். அப்போது வர்க்கமூல விதி செல்லாது. துரு தன் போக்கில் வளரும்.

வளர்ந்த துருவுக்கு இடம் வேண்டும். 1923-இல் பில்லிங், பெட்வொர்த் என்ற இருவர் ஓர் எளிய கணக்குப் போட்டார்கள்: ஓர் உலோகம் ஆக்சைடாக மாறும்போது பருமன் எத்தனை மடங்காகிறது? இரும்பு செந்நிற ஆக்சைடானால் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். ஈரத்தில் விளையும் துரு நீரையும் சேர்த்துக்கொள்வதால் இன்னும் கூடுதல். மரைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியோ ஒரு மயிரிழை. துரு அதை நிரப்புகிறது, நிரப்பிய பின்னும் வளர இடம் தேடி இருபுறமும் நெருக்குகிறது. யாரும் இறுக்காமலேயே இறுகிய கதை இதுதான்.

இன்னொரு பிடிப்பும் உண்டு. துருப்பிடிக்காத எஃகு என்று நாம் நம்பும் எஃகுக்கே உரிய நோய் அது. அந்த எஃகைக் காப்பது சில நானோமீட்டர் தடிமனுள்ள குரோமியம் ஆக்சைடுப் படலம். கீறினால் காற்றுப்பட்ட மறுகணமே படலம் மீண்டும் உருவாகிவிடும். ஆனால் இறுகிய மரைக்குள் காற்று ஏது? அழுத்தத்தோடு உரசும்போது படலம் உரிகிறது, இருபுறமும் வெற்று உலோகம் வெளிப்படுகிறது. வெற்று உலோகம் வெற்று உலோகத்தைத் தொட்டால் அணுக்களுக்கு எது யாருடையது என்று தெரியாது. அனலே இல்லாமல் பற்றவைத்தாற்போல் ஒட்டிக்கொள்ளும். பௌடன், டேபர் இருவரும் உராய்வை ஆராய்ந்து 1950-இல் வெளியிட்ட நூலின் அடிப்படைக் கருத்தும் இதை ஒட்டியதே: வழவழப்பாகத் தெரியும் பரப்புகள்கூடச் சில நுண்முனைகளில் மட்டுமே தொடுகின்றன, அந்த முனைகளில் அழுத்தம் மிக அதிகம், அங்கே உலோகங்கள் உண்மையாகவே ஒட்டுகின்றன.

இந்த நோயின் மிகப் பிரபலமான நோயாளி பூமியில் இல்லை. 1989 அக்டோபரில் வியாழனை நோக்கிப் புறப்பட்ட கலிலியோ விண்கலத்தில், குடையைப் போல விரிய வேண்டிய 4.8 மீட்டர் ஆன்டெனா ஒன்று மடக்கி வைக்கப்பட்டிருந்தது. 1991 ஏப்ரல் 11 அன்று விரியச் சொல்லி ஆணை போனது. 18 கம்பிகளில் சில பிரியவில்லை. கம்பிகளைத் தாங்கிய ஊசிகளில் பூசியிருந்த உலர்ந்த மசகு, லாரியில் அமெரிக்காவின் குறுக்கே பலமுறை கொண்டுசென்றபோது அதிர்வில் தேய்ந்து போயிருக்க வேண்டும், வெற்று உலோகம் வெற்று உலோகத்தைப் பிடித்துக்கொண்டது என்பதே ஆய்வின் முடிவு. நாசா பொறியாளர்கள் செய்துபார்த்ததைக் கேட்டால் எந்தப் பட்டறைக்காரருக்கும் புரியும். கலத்தைச் சூரியன் பக்கம் திருப்பிச் சூடாக்கினார்கள், விலக்கிக் குளிர வைத்தார்கள். உலோகம் விரிந்து சுருங்கினால் பிடி தளருமே என்று பார்த்தார்கள். பிறகு விரிக்கும் மோட்டாரை விட்டு விட்டு இயக்கி, ஆயிரக்கணக்கான சிறு அடிகளாகத் தட்டிப் பார்த்தார்கள். திறக்கவே இல்லை. நொடிக்கு 1,34,000 பிட் அனுப்பியிருக்க வேண்டிய கலம், சிறிய ஆன்டெனா வழியாக 160 பிட்டோடு மன்றாட நேர்ந்தது. சூடு, குளிர்ச்சி, தட்டல் எல்லாம் சரியான வைத்தியங்கள்தான். எண்ணெய் ஊற்ற மட்டும் அங்கே ஆளில்லை.

சைலன்சருக்கு நாம் இருக்கிறோம். கழற்றுவதற்கு முன், கழற்றத்தான் வேண்டுமா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. பி0135 என்ற பிழைக்குறி வந்தால் அது சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்சுற்றைப் பற்றியது. பீங்கான் விரைவாக 300 டிகிரியைத் தாண்டத்தான் அந்த ஹீட்டர். பழுது ஒரு பியூஸிலோ கனெக்டரிலோகூட இருக்கலாம். அதைப் பார்க்காமல் மரையோடு மல்லுக்கு நிற்பது வீண்.

கழற்றுவதென்று முடிவானால் முதல் கேள்வி கருவி. ஒயருக்கு வழிவிட ஒரு பக்கம் பிளந்த சாக்கெட் விற்கிறது. புதுச் சென்சாரைப் பொருத்த அது அருமையானது. இறுகியதைக் கழற்ற உதவாது: விசை ஏறும்போது பிளவு அகன்று, அறுகோணத்தின் மூலைகளை உருட்டிவிடும். மூலை உருண்டால் வேலை பத்து மடங்கு. பழைய சென்சார் எப்படியும் குப்பைக்குத்தான் என்றால் ஒயரை வெட்டிவிடுங்கள். தலையில் முழு வட்டமாக உட்காரும் ஆறுமூலை சாக்கெட்டோ ரிங் ஸ்பேனரோ அப்போது போடலாம். ஒரு கையால் குழாயைத் தாங்கிக்கொள்ள வேண்டும். சைலன்சர் தகடு இரண்டு மில்லிமீட்டர்கூடத் தேறாது, முறுக்கம் முழுவதும் அதன்மேல் விழுந்தால் மரைக்கு முன்னால் குழாய் மடங்கும்.

இனி எண்ணெய். நுண்ணிய பிளவில் திரவம் தானாக ஏறும் தந்துகிக் கவர்ச்சியின் வேகத்தை 1921-இல் எட்வர்ட் வாஷ்பர்ன் சமன்பாடாக்கினார். உள்ளே போகப் போக, நனைந்த தூரமே பாகுத்தன்மையால் திரவத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. அதனால் போகும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆம், துருப் படலத்துக்கு வாக்னர் சொன்ன அதே வர்க்கமூலம். முதல் மில்லிமீட்டருக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், பத்து மில்லிமீட்டர் நீள மரை முழுதும் நனைய நூறு நிமிடம் ஆகும். அடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் ஸ்பேனரை எடுப்பவர், மரையின் கால்பங்கைக்கூட நனைக்காமல் இழுக்கிறார். முதல் நாள் மாலையே அடித்துவிட்டு மறுநாள் வரச்சொல்லும் மெக்கானிக் காலத்தைக் கடத்துவதாக வண்டிக்காரர் நினைக்கலாம். இயற்பியல் மெக்கானிக் பக்கம்தான்.

ஆனால் இந்த இடத்தில் எண்ணெய்க்கு ஒரு தடை இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. அறுகோணத்துக்கும் குழாயில் பற்றவைத்த மரை வளையத்துக்கும் நடுவே ஒரு வாஷர் நசுங்கி உட்கார்ந்திருக்கிறது. புகை கசியாமல் இருக்கவே அது. புகை வெளியே வர முடியாத வழியில் எண்ணெய் எப்படி உள்ளே போகும்? பழைய வாஷர் அரித்துப் போயிருந்தால் கொஞ்சம் போகும். இல்லாவிட்டால், சென்சார் முதல் சிறு கோணம் திரும்பி வாஷர் தளரும்வரை எண்ணெய்க்கு உருப்படியான வேலை கிடையாது. ஆக, முதல் அசைவை வேறொன்றுதான் தர வேண்டும்.

அது சூடு. மரை வளையத்தைச் சுற்றி கேஸ் டார்ச்சைக் காட்டி, மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்குவார்கள். வளையம் சூடானால் அதன் ஓட்டை சுருங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஓட்டையும் பெரிதாகும்: வளையத்தின் ஒவ்வோர் அணுவும் தன் அண்டையிலிருந்து விலகுவதால், ஓட்டையின் சுற்றளவும் அதே விகிதத்தில் நீள்கிறது. எஃகு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு விரியும். 18 மில்லிமீட்டர் மரை 500 டிகிரி ஏறினால், விட்டம் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடும். மயிரிழையளவு இடைவெளிக்கு அது மிகப் பெரிய இடம். நிபந்தனை ஒன்றுதான்: உள்ளே இருக்கும் சென்சார் அதே அளவு சூடாகியிருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து விரிந்தால் பயனில்லை. எனவே சுடரை வளையத்தில் மட்டும் காட்டி, விரைவாகச் சூடாக்கி, உடனே திருப்ப வேண்டும். இங்கே துருவே நமக்கு ஓர் உதவி செய்கிறது. வெப்பத்தைக் கடத்துவதில் அது எஃகைவிட மிக மந்தம், உள்ளே அனல் போய்ச்சேரக் கொஞ்சம் தாமதமாகிறது. இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டிவிட்டுத் தடித்த கையுறையோடு கழற்றச் சொல்வதும் இதே காரணத்தின் மென்மையான வடிவம்தான். குழாய் அனலில் இருக்கும், அறுகோணப் பக்கம் வெளிக்காற்றில் கொஞ்சம் குளிர்ந்திருக்கும்.

சூட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எண்ணெய் அடித்த இடத்தில் சுடர் காட்டக் கூடாது, பெட்ரோல் குழாய் போகும் பாதையைப் பார்க்காமல் டார்ச்சைப் பற்றவைக்கவே கூடாது. பிரேக் கிளீனர் ஸ்பிரேயால் துடைத்திருந்தால் இன்னும் கவனம். சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும், சூட்டில் அது ஃபாஸ்ஜீனாக மாறும். முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட நச்சுவாயு அது. மூடிய பட்டறையில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

சூட்டுக்கும் மசியாவிட்டால் தட்டல். துரு ஒரு நொறுங்கும் பொருள். நசுக்கினால் தாங்கும், வெட்டு விசையும் இழுவிசையும் வந்தால் விரிசல் விடும். ஸ்பேனரில் நிதானமாக ஏறும் விசையைவிட, இம்பாக்ட் ரென்ச்சின் குறுகிய அடிகள் விரிசலை வளர்ப்பதில் திறமையானவை. இப்படி அடித்துக் கழற்றிய சென்சாரை மீண்டும் பயன்படுத்த நினைக்க வேண்டாம், பீங்கான் விரிசல் விட்டிருக்கும்.

பிடி விடும் கணம் கைக்கு நன்றாகத் தெரியும். அதுவரை ஸ்பேனர் வில்லைப் போல வளைந்து கொடுத்துக்கொண்டிருக்கும், விட்டால் பழைய இடத்துக்கே துள்ளித் திரும்பும். சட்டென்று ‘டக்’ என்று ஒரு வறண்ட ஓசை, ஸ்பேனர் சில டிகிரி நகர்ந்து அங்கேயே நிற்கும். இங்கே மகிழ்ந்து ஒரே மூச்சில் சுழற்றினால்தான் பெரும்பாலான மரைகள் கெடுகின்றன. வாஷரின் அழுத்தம் போன பிறகு நல்ல மரை விரலாலேயே சுழல வேண்டும். கால் சுற்றில் மறுபடி இறுகினால், பொடிந்த துருத் துகளும் உரிந்த உலோகமும் மரைப் பள்ளத்தில் குவிகின்றன என்று பொருள். உடனே நிறுத்தி, சற்றுத் திரும்ப உள்ளே முறுக்க வேண்டும். இப்போது வாஷர் தளர்ந்துவிட்டது, சூடும் ஆறியிருந்தால் எண்ணெய்க்கு வழி பிறந்திருக்கிறது. எண்ணெய் விட்டு, காத்திருந்து, அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே. ஒரு சென்சாருக்கு இப்படி அரைமணி நேரம் ஆகலாம். அவசரப்பட்டு மரையைக் கெடுத்தால் போகும் நேரத்தோடு ஒப்பிட அது ஒன்றுமில்லை.

வெளியே வந்ததும் பள்ளத்தில் துகள் ஒட்டியிருந்தால், 18 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் புரியிடைத் தூரமும் கொண்ட, மரை வெட்டும் டேப்பில் கிரீஸ் தடவி மெதுவாக ஓட்டிச் சுத்தம் செய்யலாம். துகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும், வினையூக்கி மாற்றிக்குள் விழாது. மரை முழுதாக உரிந்திருந்தால் பழைய வளையத்தை அறுத்தெடுத்துப் புதியதைப் பற்றவைப்பதே நேர்மையான வழி.

புதுச் சென்சார்களில் பலவற்றுக்கு மரையில் ஒட்டாமைப் பசை ஏற்கெனவே பூசியிருக்கும். உலோகத் தூள் கலந்த பசை அது. அதில் இருக்கும் எண்ணெய் எரிந்துபோன பிறகும் தூள் நின்று, இரு உலோகங்களும் நேருக்கு நேர் தொடாமல் பார்த்துக்கொள்ளும். பூசாதது வந்தால் மரையில் மட்டும் தடவ வேண்டும். துளையிட்ட மூடியில் பட்டால் பீங்கான் பாழாகும். சிலிக்கோன் கலந்த எதுவும் பக்கத்திலேயே வரக்கூடாது. சிலிக்கோன் ஆவி எரிந்து பீங்கானின் மேல் கண்ணாடிபோன்ற சிலிக்காப் படலமாகிவிடும், பிறகு ஆக்சிஜனுக்கு வழியில்லை. பசை உராய்வைக் குறைப்பதால், அதே முறுக்கத்தில் மரை கூடுதலாக இறுகும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். கை நிதானத்தை நம்பாமல் டார்க் ரென்ச்சில் 40 நியூட்டன் மீட்டர் அளவோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

கடைசியாக ஒயர். விலை குறைவு என்று பொதுச் சென்சார் வாங்கி, பழைய கனெக்டரோடு ஒயர்களை இணைப்பவர்கள் உடனே சால்டரிங் அயர்னைத் தேடுவார்கள். வேண்டாம். பீங்கானின் உட்பக்கத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்று வேண்டும் என்று முன்பு சொன்னேன். பல சென்சார்களில் அந்தக் காற்று வருவது ஒயரின் செம்பு இழைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள் வழியாகத்தான். ஈயம் உருகி இழைகளுக்குள் ஓடினால் அந்த வழி அடைபட்டு, உள்ளே ஆக்சிஜன் குறைந்து, மின்னழுத்தமே பொய்யாகிவிடும். இழைகளை நெருக்கிப் பிடிக்கும் கிரிம்ப் இணைப்பான் போதும். கனெக்டருக்குள் கிரீஸும் கான்டாக்ட் ஸ்பிரேயும் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.